கல்லொட்டியும் பீப்பாய்க் கெலியும்

கோயில் வாசலில், எல்லாரும் பார்க்க, ஒரு நீலப் பீப்பாயின் மூடி மேல் ஏறி உட்கார்ந்தவள் நான். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இன்றைக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேச்சு வந்தால் "சரசு பீப்பாயில குந்துன அன்னிக்கு" என்றுதான் சொல்கிறார்கள். நன்றாகச் சொல்லட்டும். நான் வெட்கப்படவில்லை.

பீப்பாய்க்குள் உயிருள்ள கெலி மீன்கள். மீன் பாசாரில் விற்கிற அதே கறுத்த, வழுவழுத்த, மீசை வைத்த கெலிதான். மலைக்குக் கீழே தாப்பா பக்கத்துக் குட்டையில் தீனி போட்டு வளர்த்தவை. மலையேறி வந்த களைப்பு எதுவும் இல்லாமல் மூடிக்குக் கீழே முட்டி மோதிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு துள்ளலும் என் தொடையில் தெரிந்தது. காலை வெயில் தேயிலை மேட்டைத் தாண்டி இன்னும் இறங்கவில்லை. பிளாஸ்டிக்கின் சில்லிப்பு புடவை வழியாக ஏறியது.

எனக்கு முன்னால் மூன்று பேர் நின்றார்கள். ஒருவர் என் வீட்டுக்காரர் ராஜன், தோட்டத்துத் தேயிலை லோரி ஓட்டியவர், நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து வந்து அதிக நாளாகவில்லை. அடுத்தவர் அவருடைய அக்கா புஷ்பம் அண்ணி. திரிங்காப்பில் கோஸ் வியாபாரம் செய்கிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். பீப்பாய் வந்ததே அவருடைய காய்கறி லோரியில்தான். மூன்றாமவர் கோயில் தலைவர். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் எங்களுக்கெல்லாம் கிராணி ஐயா.

"எழுந்திரு சரசு," என்றார் அண்ணி. "வேண்டுதல் லா இது. விளையாட்டு இல்ல."

"நானும் விளையாடல அண்ணி. இந்த மீனு குளத்துல இறங்காது."

"என் தம்பி உயிருக்கு வேண்டிக்கிட்டது! அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ பதில் சொல்லுவியா?"

விஷயம் அவ்வளவுதான். பீப்பாய் கோயில் முன்னால் இருக்கிற குளத்தில் கவிழ்ந்தால் அங்கே மிச்சமிருக்கிற என் சின்ன மீன்கள் கெலிகளுக்கு இரையாகித் தீர்ந்துபோகும். கவிழாவிட்டால் என் புருஷன் உயிருக்கே ஆபத்து என்று அவர்கள் நம்பினார்கள். அதைவிடக் கஷ்டம், என் புருஷனும் அப்படியே நம்பினார்.

சாமிக்கு மீன் விட ஆரம்பித்த கதை

எங்கள் முனியாண்டி கோயில் தேயிலை மலைக்கு அடியில், ஓடைக்கரையில் இருக்கிறது. ஒரு பெரிய மரம், அதன் கீழ் சூலங்கள், ஒரு தகரக் கூரை. ஓடை மேலே காட்டிலிருந்து வருகிறது. மலையை வெட்டிக் காய்கறி போடும் பக்கங்களில் ஓடைகள் தேத்தண்ணி நிறத்தில் ஓடும்போது எங்களுடையது மட்டும் இன்னும் அடிக்கல் தெரிய ஓடுகிறது. கோயிலுக்கு எதிரே பாறைகளுக்கு நடுவே விழுந்து, ஒரு குளம்போலத் தேங்கி, பிறகு கீழே போகிறது.

அந்தக் குளத்தில் மீன் விடும் வழக்கம் பழைய வழக்கம் இல்லை. பெரியவர்கள் காலத்திலிருந்து வருவதாகச் சிலர் இப்போது சத்தியம் செய்கிறார்கள். பொய். பக்கத்து லெம்பா பெர்த்தாமில் வெள்ளத்தோடு வீடுகளில் சேறு புகுந்த வருஷத்துக்குப் பிறகு ஆரம்பித்தது அது. வீடு தப்பித்த ஒரு வியாபாரி எங்கள் முனியாண்டிக்கு வேண்டிக்கொண்டிருந்தாராம். சீனர் கோயில்களில் புண்ணியத்துக்கு மீனும் ஆமையும் விடுவதைப் பார்த்துப் பழகியவர். ஒரு நாள் பிளாஸ்டிக் பையில் கெலி கொண்டுவந்து குளத்தில் விட்டார். சுற்றி நின்றவர்களுக்கு அது பிடித்துப்போயிற்று.

கிராணி ஐயாவுக்குத்தான் ரொம்பப் பிடித்தது. அவர் தலைவரானதும் கோயிலுக்கு டைல்ஸ் வந்தது, ஸ்பீக்கர் வந்தது, கூடவே சைவமும் வந்தது. முன்பெல்லாம் முனியாண்டிக்குக் கோழி அறுப்போம், சுருட்டு வைப்போம், போத்தல் திறந்து வைப்போம். ஐயா அதையெல்லாம் நிறுத்தினார். கெட்ட மனுஷர் இல்லை. ரத்தம் பார்க்க மாட்டார், கொசுவைக்கூட ஊதித்தான் விடுவார். "கோழியைக் கொல்றதுக்குப் பதிலா மீனை விடுங்கம்மா. ஒரு உயிர் போறதுக்குப் பதிலா ஒரு உயிர் பிழைக்கட்டும்" என்று அவர் சொன்னபோது நானும் தலையாட்டியிருக்கிறேன்.

பரீட்சைக்கு மீன், கல்யாணத்துக்கு மீன், வெளிநாட்டு விசாவுக்கு மீன். கீழ்நாட்டுச் சூட்டில் வளர்ந்த கெலிகள் எங்கள் குளிர்தண்ணீரைத் தாங்காமல் பல மறுநாளே வயிற்றைக் காட்டி மிதக்கும். கோயில் கூட்டுபவர் சத்தமில்லாமல் அள்ளிப்போய்ப் புதைப்பார். தாங்கிக்கொண்டவை பெருத்தன. தண்ணீர் கெட்டாலும் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைக்கிற சாதி அது. படியில் காலடி கேட்டாலே பிரசாதத்துக்கு வாயைத் திறந்துகொண்டு வரும். அந்த வாய்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும்.

கல்லோடு வந்த மீன்

பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தத் தொடரைப் படிக்கிற ஒரு வாசகி, நான் ஏன் மனுஷர்களைவிட ஓடையைப் பற்றி அதிகம் எழுதுகிறேன் என்று கேட்டிருந்தார். அம்மா, நான் சுங்காயிலிருந்து கல்யாணமாகி இந்த மலைக்கு வந்த மழைக்காலத்தில் என்னிடம் முகம் கொடுத்துப் பேசியவர்கள் குறைவு. மாமியார் இல்லை, அண்ணி வாழப் போய்விட்டார், வீட்டுக்காரர் விடிகாலையில் லோரி எடுத்துப் போனால் இருட்டித்தான் வருவார். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் குழாய்த் தண்ணீர் நின்றுவிடும் நாட்களில் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போவேன். அங்கே ஓடைச் சத்தத்தில் அழலாம், யாருக்கும் கேட்காது.

ஒரு நாள் சட்டி தேய்க்கக் கல் ஒன்றை எடுத்தேன். கல்லின் அடியில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. அட்டை என்று நினைத்து உதறினேன். விழவில்லை. திருப்பிப் பார்த்தால் மீன். என் சுண்டுவிரல் நீளம்தான். தட்டைத் தலை, மூக்கருகே மீசை, உடம்பெல்லாம் பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத்திட்டு. அவ்வளவு வேகமாக ஓடுகிற தண்ணீரில், கையும் காலும் இல்லாத அது, கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றது. கல்லோடு வெளியே வந்த பிறகும் விடவில்லை.

எனக்கு அழுகை நின்று சிரிப்பு வந்தது. அன்றிலிருந்து அது எனக்குக் கல்லொட்டி.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது "அது கெலிக் குட்டி லா" என்றார். லயத்தில் யாரைக் கேட்டாலும் அதே பதில்தான். மீசை இருக்கிறது, செதில் இல்லை, கறுப்பாக இருக்கிறது, பிடித்தால் முள்ளால் குத்துகிறது. பிறகென்ன, கெலிக் குட்டிதான். நானும் நம்பினேன். பெரிய கெலியையே கண்டிராத அந்த ஓடையில் குட்டி மட்டும் எங்கிருந்து வரும் என்று கேட்கத் தோன்றவில்லை. நாங்கள் மலைக்காரர்கள், மீன் என்றால் எங்களுக்கு ஐஸ் பெட்டியில் வருவது.

சந்தேகம் வந்தது ரொம்பப் பிற்பாடு. குளத்தில் பெரிய கெலிகள் பெருகப் பெருக, நான் கல்லைத் தூக்கினால் கல்லொட்டி கிடைப்பது குறைந்துகொண்டே வந்தது. முன்பு கோயிலுக்கு எதிரே எந்தக் கல்லிலும் ஒன்றிரண்டு இருக்கும். பிறகு ஒரு காலைப்பொழுது முழுக்கத் தேடினாலும் ஒன்று கிடைக்காது. தாயும் தகப்பனும் இத்தனை கொழுத்து உலாவும்போது குட்டிகள் எங்கே போயின?

முறுக்குப் போத்தல்

கோயிலுக்கு மேலே, தண்ணீர் வெள்ளையாக நுரைத்து இறங்கும் இடத்தில் கடைசியாக ஒன்று அகப்பட்டது. தீபாவளி முறுக்கு போட்டுவைக்கிற சிவப்பு மூடிப் போத்தலில் ஓடைத் தண்ணீர் பிடித்து அதை உள்ளே விட்டேன். கீழே போய்ப் படுக்கும் என்று பார்த்தால், போத்தலின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது. கைபேசியில் படம் எடுத்து, தூண்டில்காரர்கள் நிறையப் பேர் இருக்கும் ஒரு பேஸ்புக் குழுவில் போட்டேன். "இது என்ன மீன்?" என்று மலாயில் எழுதினேன்.

ஐயோ, அந்தப் பதில்களைப் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் கெலிக் குட்டி என்றார். ஒருவர் பாவுங் என்ற வேறொரு மீசை மீன் என்றார். ஒருவர் அதை ஆற்றில் விடச் சொல்லித் திட்டினார். இன்னொருவர் மிளகாய் அரைத்துச் சம்பால் போட்டால் நன்றாக இருக்குமா என்று கேட்டார். சுண்டுவிரல் மீனுக்குச் சம்பால் கேட்ட அந்த மனுஷரின் வயிறு வாழ்க.

தெமெர்லோ பக்கத்துப் படகுக்காரர் ஒருவர் மட்டும் "நெஞ்சைக் காட்டு அக்கா" என்று எழுதியிருந்தார். போத்தலின் வெளிப்பக்கத்திலிருந்து எடுத்தால் நெஞ்சு தெரியாதா? தெரிந்தது. தாடைக்குக் கீழே, இரண்டு பக்கச் செட்டைகளுக்கு நடுவில், தோல் வரிவரியாக மடிந்திருந்தது. விசிறி மடிப்பு மாதிரி. அதை வைத்துத்தான் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கெலி இல்ல அக்கா," என்று அவர் குரல் பதிவே அனுப்பிவிட்டார். "எங்க பக்கம் இதை டெப்புன்னு சொல்வோம். முதுகைப் பாருங்க."

அவர் சொல்லச் சொல்லப் பார்த்தேன். கெலிக்கு முதுகுச் செட்டை கழுத்துக்குப் பின்னால் ஆரம்பித்து வால்வரை ஒரே நாடாவாக ஓடும். இதற்கு முதுகில் சின்னதாக ஒரு முக்கோணம் மட்டும். அதற்குப் பின்னால் இடைவெளி விட்டு, முள்ளே இல்லாத, சதையாலான குட்டிச் செட்டை ஒன்று. கெலியின் வால் வட்டம், இதன் வால் கவட்டை. கெலி சேற்றுத் தண்ணீரிலும் கிடக்கும். டெப்புக்கு ஓடுகிற, குளிர்ந்த, கண்ணாடித் தண்ணீர் வேண்டும். போத்தலிலேயே அதிக நேரம் வைக்காதீர்கள், செத்துவிடும் என்றார். கையில் போத்தலோடு ஓட்டமும் நடையுமாகப் போய் எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்தேன்.

டெப்பிலேயே பல வகை இருக்கிறதாம். எந்த வகை என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, நெஞ்சு மடிப்பையும் வாயையும் கிட்ட வைத்துப் பார்க்கத் தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும் என்று அவர் ஒத்துக்கொண்டார். எனக்கு இன்றைக்கும் அதன் முழுப்பெயர் தெரியாது. அது கெலி இல்லை என்பதும், குட்டி இல்லை என்பதும் போதும்.

ஆனால் அது எனக்குத்தான் போதும். கிராணி ஐயாவிடம் சொன்னேன். "பேஸ்புக்ல ஆயிரம் சொல்லுவாங்கம்மா. குட்டியில ஒரு மாதிரி இருக்கும், பெரிசானா மாறிடும். தவளை மாறல?" என்றார்.

நெஞ்சில் தையல்

அந்தச் சமயத்தில்தான் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்தது. ரிங்லெட் வளைவில் லோரியை ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் தலை சாய்த்தவரைப் பின்னால் வந்த வண்டிக்காரர்கள்தான் தூக்கிப் போனார்கள். கோலாலம்பூரில் ஆபரேஷன். காலிலிருந்து ரத்தக் குழாயை எடுத்து நெஞ்சில் தைத்தார்கள். நானும் அண்ணியும் ஆஸ்பத்திரி நாற்காலியில் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தோம். அண்ணி அவரைத் தூக்கி வளர்த்தவர். தாய் இல்லாத வீட்டில் அவருக்குச் சோறு ஊட்டியவர். என் கையைப் பிடித்துக்கொண்டு, "முனியாண்டி, என் தம்பி எழுந்து நடந்தா ஒரு பீப்பாய் மீனு விடறேன்" என்று வாய்விட்டுச் சொன்னார். அந்த நேரத்தில் மலையையே பெயர்த்துக் குளத்தில் போடுகிறேன் என்றாலும் நான் ஆம் என்று சொல்லியிருப்பேன்.

அவர் எழுந்தார், நடந்தார். ஆனால் என்னோடு வீடு திரும்பியவர் வேறு ஆள். வளைவில் ஹார்ன்கூட அடிக்காமல் இறங்குகிற மனுஷர், இப்போது இருமலுக்குப் பயந்து சின்னத் தலையணை ஒன்றை நெஞ்சில் அணைத்துக்கொண்டே இருந்தார். தும்மினால் முகம் வெளுக்கும். சிரிக்கக்கூட மாட்டார், தையல் விட்டுப்போகும் என்று.

டாக்டர் மீன் சாப்பிடலாம் என்றிருந்தார். நான் ஒரு காரியம் செய்தேன். பட்டப்பகலில், கோயில் படியில் உட்கார்ந்து, கோழிக்குடலைத் தூண்டிலில் கோத்துக் குளத்தில் போட்டேன். சாமி மீனைப் பிடிக்கக் கூடாது என்று போர்டு வைத்திருக்கிறார்கள். போர்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். ஒரு பெரிய கெலி விழுந்தது, என் முழங்கை நீளம்.

வீட்டில் அதை அறுத்தேன். இரைப்பையைக் கீறினால் உள்ளே கல்லொட்டிகள். சில கரைந்து உருத் தெரியாமல் போயிருந்தன. ஒன்று மட்டும் அப்போதுதான் விழுங்கியதுபோல முழுசாக இருந்தது. அதன் வயிறு உப்பியிருந்தது. கத்தி முனையால் தொட்டேன். கடுகு கடுகாக மஞ்சள் முட்டைகள் வெளியே வந்தன.

சிங்க் முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். பிறகு சட்டியோடு தூக்கிக்கொண்டு போய் வீட்டுக்காரர் முன்னால் வைத்தேன்.

"என்னாங்க, இதைப் பாருங்க. குட்டி குட்டின்னு சொன்னீங்களே. குட்டி வயித்துல முட்டை இருக்குமா?"

தலையணையை அணைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "அக்கா கிட்ட சொல்லாத சரசு. அது கடனைக் கட்டிடட்டும். அப்புறம் பார்த்துக்கலாம்."

"அப்புறம் பார்க்க என்னா இருக்கும்?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த முட்டை மீனை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு ஐஸ் பெட்டியில் வைத்தேன்.

மறுபடியும் பீப்பாய்

ஆகவே ஞாயிற்றுக்கிழமை, பீப்பாய் மேல் உட்கார்ந்தபோது என் மடியில் அந்த டப்பா இருந்தது. திறந்து கிராணி ஐயாவிடம் நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஐயா, முட்டை வச்ச மீனு. இதுக்கு மேல இது பெரிசாகாது, மாறாது. இது வேற சாதி. நம்ம ஓடையிலயே பொறந்தது. நீங்க விட்ட கெலி வயித்துலேர்ந்துதான் எடுத்தேன்."

ஐயா டப்பாவைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். ரத்தம் பார்க்காத மனுஷர் அல்லவா. டப்பாவை மூடி என்னிடமே கொடுத்தார். "சரிம்மா. வேற மீனாவே இருக்கட்டும். ஆனா வேண்டிக்கிட்டது வேண்டிக்கிட்டதுதானே? சாமி கிட்ட நான் எப்படி இல்லேன்னு சொல்றது?"

நான் நினைத்திருந்தது, முட்டையைக் காட்டினால் முடிந்தது என்று. முடியவில்லை. மீன் எந்த மீன் என்பது அவர்களுக்கு இரண்டாம் பட்சம். பயம்தான் முதலில் நின்றது.

அண்ணி அழ ஆரம்பித்தார். "அவ பேச்சைக் கேக்காதீங்க ஐயா. இவளுக்குப் புருஷனை விடப் புழு பூச்சி பெரிசு."

அது சுருக்கென்று தைத்தது. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். தலையணை கையில் இருந்தது. "எழுந்திரு சரசு," என்றார். "எனக்குப் பயமா இருக்கு."

கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையை அவர் வாயில் நான் கேட்டதில்லை. எழுந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஒரு சின்ன மீன், யாருக்கும் பெயர்கூடத் தெரியாத மீன், அது இருந்தால் என்ன, போனால் என்ன? பீப்பாய்க்குள் கெலிகள் மோதிக்கொண்டிருந்தன. இவை இறங்கினால் கல்லொட்டிகள் கதை இன்றோடு முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். இவர் பயமும் முடியுமா? முடியாது. அடுத்த முறை நெஞ்சு படபடத்தால் இன்னொரு பீப்பாய் வரும்.

"ஐயா, சூடம் குடுங்க," என்றேன்.

எங்கள் தோட்டங்களில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தால் அதற்கு மேல் பேச்சில்லை. திருட்டுப் பழி வந்தாலும், சொத்துத் தகராறு வந்தாலும், அதோடு தீர்ந்தது. ஐயா தயங்கினார். நானே பீப்பாயிலிருந்து இறங்காமல் எட்டிப் பூசைத் தட்டிலிருந்து எடுத்தேன். உள்ளங்கையில் வைத்துக் கொளுத்தினேன்.

"முனியாண்டி, கேட்டுக்க. இந்த வேண்டுதல் இனிமே என் புருஷன் தலையில இல்ல, அண்ணி தலையிலயும் இல்ல. என் தலையில. குறை இருந்தா என்னைக் கேளு. அவரைத் தொடாத."

கையை மூடினேன். கொப்பளம் ஆற நாளாயிற்று, வடு இப்போதும் இருக்கிறது. அண்ணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

"இந்த மீனை இங்கயே அறுத்து, குழம்பு வச்சு, சாமிக்குப் படைக்கப் போறேன்," என்றேன். "ஒரு மீனும் வீணாகாது. அண்ணி கொண்டுவந்தது சாமிக்குத்தான் போய்ச் சேருது."

"முனியாண்டி சைவமாயிட்டாரும்மா," என்றார் கிராணி ஐயா பலவீனமாக.

"எப்போ ஐயா? அவரை யாரு கேட்டா? சூலத்தைக் கையில வச்சிட்டு நிக்கிற சாமி தயிர் சாதமா கேட்டாரு?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பின்வரிசையில் நின்ற பங்களாதேஷ் தம்பிகள். இப்போது எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். தமிழ் எவ்வளவு புரிந்ததோ தெரியாது, மீன் குழம்பு என்பது புரிந்துவிட்டது. லயத்துக்கு ஓடிப்போய் அரிவாள்மணையும் சாம்பலும் கொண்டுவந்தார்கள். அவ்வளவு கெலியையும் சாம்பல் போட்டு உரசி அவர்கள் சுத்தம் செய்த அழகு இருக்கிறதே! பூண்டும் புளியும் போட்டுக் கொதிக்க வைத்தபோது, எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு முனியாண்டி கோயிலில் சோற்று வாசனையோடு குழம்பு வாசனை வந்தது. நான் ஒரு சுருட்டும் வாங்கி வைத்தேன். கொழுப்புதான்.

கிராணி ஐயா சாப்பிடவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. கொஞ்ச நாள் கழித்து, "இங்கே மீன் விட வேண்டாம்" என்று அவரே இன்னொரு போர்டு எழுதி மாட்டினார். அண்ணி காலிப் பீப்பாயைக்கூட எடுத்துக்கொள்ளாமல் லோரி ஏறிப் போய்விட்டார். வீட்டுக்காரர் வாழையிலை முன்னால் உட்கார்ந்தார், சோற்றைப் பிசைந்தார், மீனைத் தொடவில்லை.

காய்ச்சல்

சில வாரங்களில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. நெஞ்சுத் தையலில் ஓர் ஓரம் சிவந்து, சீழ் வைத்து, உடம்பு அனலாகக் கொதித்தது. தானா ராத்தா ஆஸ்பத்திரியிலிருந்து ஈப்போவுக்கு அனுப்பினார்கள். வளைந்து வளைந்து இறங்கும் அந்தப் பாதையில் ஆம்புலன்சில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், மறுபடி மூடிக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

அண்ணி போன் செய்தார். "பார்த்தியா?" என்று கேட்டார். வைத்துவிட்டார்.

நான் பயந்தேன். அதை மறைக்கவில்லை. ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்று, சூடம் சுட்ட கையை மூடிச் சுவரில் குத்தி, முனியாண்டியை மனசுக்குள் திட்டிய திட்டை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது. என்னைக் கேள் என்றுதானே சொன்னேன், ஏன் அவரிடம் போனாய் என்று கேட்டேன். ஆனால் ஒன்று, மீனை விட்டிருக்கலாமே என்று மட்டும் நினைக்கவில்லை. ஆபரேஷன் புண்ணில் கிருமி வந்தால் காய்ச்சல் வரும், பீப்பாய் பீப்பாயாக மீன் விட்டவர்களுக்கும் வரும். இதை எனக்கு நானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டுதான் அந்த நாட்களைக் கழித்தேன்.

மருந்து ஏறி, புண் ஆறி, அவர் வீடு வந்தார்.

ஒரு சாயங்காலம் மெதுவாக நடந்து ஓடைவரை போனோம். அவர் படியில் உட்கார்ந்தார். நான் மேல்பக்கம் போய், தண்ணீர் வேகமாக விழும் இடத்தில் ஒரு கல்லைத் தூக்கினேன். இல்லை. இன்னொன்றைத் தூக்கினேன். அடியில் ஒன்று இருந்தது. கல்லோடு அவரிடம் கொண்டுவந்து காட்டினேன். விரலால் மெல்லத் தள்ளிப் பார்த்தார், அது அசையவில்லை. கல்லைத் திரும்பத் தண்ணீரில் வைத்தேன்.

"சரசு, அந்தக் காய்ச்சல்ல நான் போயிருந்தா?"

எத்தனை நாளாக அதைக் கேட்கக் காத்திருந்தாரோ. நானும் அதற்குப் பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"போயிருந்தா முனியாண்டிக்கும் எனக்கும் சண்டை. இந்தக் கோயிலு இங்க இருந்திருக்காது. மீனுக்கு அதுல என்னாங்க வேலை?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நெஞ்சைக் கையால் பிடித்துக்கொண்டு, வலிக்குது வலிக்குது என்று சொல்லிக்கொண்டே, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். தலையணை வீட்டிலேயே இருந்தது.

சிரிப்பு அடங்கியதும் குளத்தை எட்டிப் பார்த்தார். எங்கள் நிழலைப் பார்த்துவிட்டுப் பழைய கெலிகள் வாயைத் திறந்துகொண்டு மேலே வந்தன.

"பெரிசுங்க இன்னும் கிடக்குதே," என்றார். "தூண்டிலை எங்க வச்ச?"